நகரக்கூடியவர்கள்

கோசலையின் சாப்பாட்டுக் கடைக் கதவில் ஒரு சிறு திரை இருந்தது. உள்ளே எத்தனை கதிரை காலி என்று அது காட்டும். கார் து நோர் ரயில் நிலையத்தில் இறங்கி வருகிறவர்கள் அந்த எண்ணைப் பார்த்து உள்ளே நுழைவார்கள், அல்லது எதிர்க் கடைக்குப் போவார்கள். காலையில் எண் சரியாக இருக்கும். மாலையில் பெரும்பாலும் நின்றுபோயிருக்கும்.

திரைக்குப் பின்னால் ஒரு பெட்டி, கூரையில் ஒரு கேமரா. இரண்டையும் செய்தது அதே தெருவில் மூன்றாம் மாடியில் இருந்த நாலு பேர் நிறுவனம். முதலாளி ரேமண்ட், புதுச்சேரியில் பிறந்து சார்செல் புறநகரில் வளர்ந்தவர். பெட்டிக்குள் ஓடும் கர்னல் என்ற அடிப்படை மென்பொருள் தாமரைச்செல்வியின் பொறுப்பு. அவள் நாமக்கல்லில் இருந்து படிக்க வந்து, படித்து முடித்து, வேலையில் சேர்ந்திருந்தாள். நினைவகத்தில் யாருக்கு எந்த இடம் என்று பங்கிடுவது கர்னல். பங்கீடு பிசகினால் பேச்சு வாங்குவது தாமரைச்செல்வி.

கூடம் வெறிச்சோடினால் கேமரா மூடிக்கொள்ளும். ஆள் வந்தால் திறக்கும். திறக்கும் ஒவ்வொரு முறையும் படம் எழுத இடம் கேட்கும். காலையில் கேட்டால் கிடைக்கும். மாலையில் கேட்டால் கிடைக்காது. இடம் இல்லாமல் இல்லை. துண்டு துண்டாக இருந்தது. கேமராவுக்கு ஒரே தொடராக வேண்டும்.

நிரல்கள் இந்த விஷயத்தில் நல்ல பிள்ளைகள். ஒரு நிரலை நூறு துண்டாகச் சிதறி வைத்தாலும் கர்னல் அதன் கையில் ஒரு வரைபடத்தைக் கொடுத்துவிடும். தான் ஒரே இடத்தில் இருப்பதாக நிரல் நம்பும். கேமராவுக்கு வரைபடம் பார்க்கத் தெரியாது. தொடங்கும் இடத்தைச் சொன்னால் அங்கிருந்து நேராக எழுதிக்கொண்டு போகும். நடுவில் யார் இருந்தாலும் அவர் மேலேயே எழுதும். விலை கூடிய மின்சுற்றுப் பலகைகளில், கேமராவுக்கும் பொய்யாக ஒரு வரைபடம் காட்டவென்று ஓர் உறுப்பு உண்டு. ரேமண்ட் வாங்கியது விலை குறைந்த பலகை.

கேமராவுக்கென்று ஓர் இடத்தை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். ஆனால் பெட்டியில் இருந்ததே கொஞ்ச நினைவகம். கேமரா மூடியிருக்கும் நேரமெல்லாம் அந்த இடம் சும்மா கிடக்கும். இதற்கு முந்தைய ஆண்டு கர்னலில் ஒரு வழி வந்திருந்தது. இடத்தை ஒதுக்கு. கேமரா இல்லாதபோது மற்றவர்களுக்கு இரவல் கொடு. ஆனால் நகரக்கூடியவர்களுக்கு மட்டும். கேமரா வந்ததும் அவர்களை வேறு இடத்துக்கு மாற்றி, வரைபடத்தையும் திருத்திவிடு. மாற்றியது அவர்களுக்கே தெரியாது.

தாமரைச்செல்வி அந்த வழியைப் பெட்டிக்குள் கொண்டுவந்தாள். அந்த வாரம் முழுக்கப் பெட்டி நிற்கவில்லை.

அது 2013, கோயில் தேருக்கு முந்தைய வாரம். அவளுடைய தகுதிகாண் காலம் தேருக்கு மறுநாள் முடிவதாக இருந்தது. எஸே என்று ரேமண்ட் அதைச் சொல்வார், தும்மல் மாதிரி. தேரன்று லா ஷப்பேல் தெருக்கள் கொள்ளாத சனம் வரும். அன்று முழுக்கப் பெட்டி நிற்காமல் ஓடினால் வேலை நிரந்தரம். நின்றால், மன்னிக்க வேண்டும், வேறு இடம் பார்க்க வேண்டும். அதோடு இன்னொன்றும் கேட்டார். புதுச்சேரியில் இருக்கும் அவருடைய அம்மா தேர் பார்க்க ஆசைப்பட்டாராம். தெருவைப் பார்த்தபடி ஒரு சிறு கேமராவைக் கூடுதலாகச் செருகி, நாள் முழுவதையும் பதிவு செய்து தர முடியுமா?

முடியும் என்று தாமரைச்செல்வி சொன்னாள். எஸேயில் இருப்பவர்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

*

கோசலைக்கு வேறு கவலை. தேரன்று வாசிக்க யாழ்ப்பாணத்திலிருந்து பதினொரு பேர் கொண்ட மேளக் கோஷ்டி வருகிறது. தேர் கோயிலடி இருப்புக்குத் திரும்பியபின் அவர்களுக்குச் சாப்பாடு அவளுடைய கடையில். சுவரோரம் ஒரு நீள மேசை, ஒரு பக்கத்தில் மட்டும் பன்னிரண்டு கதிரை. கோஷ்டி ஒரே வரிசையில் இருக்க வேண்டும். மூத்த நாதஸ்வரக்காரர் இலையில் கை வைத்தபின்தான் மற்றவர்கள் வைப்பார்கள். எழும்புவதும் ஒன்றாகத்தான். போன வருசம் அந்த மேசையைக் காலையிலிருந்து வெறுமையாக வைத்திருந்தாள். வந்த சனம் வெறும் கதிரைகளைப் பார்த்துவிட்டு அவளைத் திட்டிக்கொண்டு எதிர்க் கடைக்குப் போனது.

தாமரைச்செல்வி அப்போது ஏணியில் நின்று கேமராவின் கம்பியைப் பொருத்திக்கொண்டிருந்தாள். இது தன் துறை என்று அவளுக்குத் தோன்றியது. ஏணியில் நின்றபடியே வழி சொன்னாள். மேசையைச் சும்மா விட வேண்டாம். சொன்னால் எழுந்துவிடுகிறவர்களை மட்டும் அதில் உட்கார வையுங்கள். தேத்தண்ணி குடிக்கிறவர், ரோல் கடிக்கிறவர், குழந்தைத் தள்ளுவண்டியோடு நிழலுக்கு ஒதுங்குகிறவர். மேளக்காரர் வந்ததும் அவர்களைச் சின்ன மேசைகளுக்கு மாற்றிவிடலாம்.

கோசலை யோசித்தாள்.

“உன்ரை பெட்டியிலை இது வேலை செய்யுதோ?”

“செய்யுதுங்கக்கா. ஒரு வாரமா நிக்கல.”

“பெட்டிக்கு வாய் இல்லைப் பிள்ளை. சனத்துக்கு இருக்கு.”

ஆனாலும் அந்த யோசனை அவளுக்குப் பிடித்திருந்தது. தேரன்று தாமரைச்செல்வி எப்படியும் பெட்டியோடு நிற்கப்போகிறாள். வாசலிலும் அவளே நின்று, ஆட்களைப் பார்த்து இருத்தட்டும் என்றாள்.

*

தேரன்று பஜோல் தெருப் பக்கமிருந்து மேளச் சத்தம் நெருங்கி வந்து, கடை வாசலைக் கடந்து போனது. தெருவில் உடைத்த தேங்காய்களின் ஓடு குவிந்து கிடந்தது. கற்பூரப் புகை உள்ளே வந்து மிளகாய்த் தூள் வாசனையோடு கலந்தது. தெருவைப் பார்த்த சிறு கேமரா எல்லாவற்றையும் பதிவு செய்தது. கூரைக் கேமரா எண்ணியது. கதவுத் திரையில் எண் ஏறி இறங்கியது.

தாமரைச்செல்வி வாசலில் நின்று ஆட்களைப் பிரித்தாள். அதில் அவளுக்கு ஒரு சுகம் வந்துவிட்டது. முகத்தைப் பார்த்ததும் இவர் நகரக்கூடியவர், இவர் நகராதவர் என்று மனதுக்குள் முத்திரை குத்தினாள். நீள மேசையில் இருத்திய ஒவ்வொருவரிடமும், மேளக்காரர் வந்தால் எழும்ப வேண்டும், சம்மதமா என்று கேட்டாள். எல்லாரும் சம்மதித்தார்கள். ரேமண்ட் கதவருகே ஒரு கோப்பிக் கோப்பையோடு நின்று திரையைப் பார்த்தார். கூடம் வெறிச்சோடிய இடைவேளையில் கேமரா மூடியது. ஆள் வந்ததும் திறந்தது. ரேமண்ட் தலையை ஆட்டினார்.

தவரத்தினம் வந்தது அதற்குப் பிறகு. எபினே-சூர்-செய்ன் புறநகரிலிருந்து வந்திருந்தார். வேட்டி, நெற்றி நிறைய விபூதி, தோளில் மடித்த சால்வை. காலையிலிருந்து தேரின் பின்னாலேயே நடந்தவர். களைத்திருந்தார். குடிக்க முதலில் தண்ணீர் கேட்டார். நகரக்கூடியவர் என்று தாமரைச்செல்வி முடிவு செய்தாள்.

“மேளக்காரங்க வந்தா எந்திரிக்கணுங்க ஐயா. சரிங்களா?”

“ஓம் பிள்ளை. அதுக்கென்ன.”

மனதாரச் சொன்னார். மேசையின் நடுவில், ஏழாவது கதிரையில் போய் இருந்தார். தண்ணீர் குடித்தார். அதன்பின் பரிமாறுகிறவர் வந்து, விரதச் சாப்பாடா என்று கேட்டு, அவர் முன் இலையைப் போட்டார்.

தாமரைச்செல்வி அதைப் பார்க்கவில்லை. அந்த நேரம் அவள் ஒரு தள்ளுவண்டியை மடித்துக்கொண்டிருந்தாள்.

கடைக்கு வழக்கமாக வருகிறவர்களுக்குத் தவரத்தினத்தைத் தெரியும். அவர் ஓர் இலை முடிப்பதற்குள் பக்கத்து மேசையில் ஆட்கள் இரண்டு தடவை மாறுவார்கள். அது சாதாரண நாளில். இன்று விரதம். ஒருநேரச் சாப்பாடு. இலையை விட்டு ஒருக்கால் எழும்பினால் எழும்பியதுதான். பிறகு மறுநாள் காலை வரை தண்ணீர் மட்டும்.

கோஷ்டி வருவதற்கு நேரம் இருந்தது. இருந்திருக்கும், வானம் கறுக்காமல் இருந்தால். மழை பிடித்துக்கொண்டது. தேர் அவசரமாக இருப்புக்குப் போனது. பதினொரு பேரும் நாதஸ்வரங்களை நெகிழிப் பைகளில் சுற்றிக்கொண்டு, தவில்களை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, சொன்ன நேரத்துக்கு முன்பே வாசலில் வந்து நின்றார்கள்.

தாமரைச்செல்வி நீள மேசைக்குப் போய்ச் சொன்னாள். அவளே எதிர்பாராதபடி அது வேலை செய்தது. தேத்தண்ணி எழும்பியது. ரோல் எழும்பியது. தள்ளுவண்டி எழும்பியது. சின்ன மேசைகள் நிரம்பியிருந்ததால் கல்லாவோரம் நின்றே முடித்தார்கள், முணுமுணுப்பு இல்லை. திரையில் எண் ஒவ்வொன்றாக ஏறிப் பதினொன்றில் நின்றது.

நடுவில் தவரத்தினம் மட்டும் இருந்தார். இலையில் சோறு, சாம்பார், மூன்று கறி, ஓர் அப்பளம். அப்பளத்தை இன்னும் உடைக்கவில்லை.

கோசலை குசினியிலிருந்து வெளியே வந்தாள். பார்த்தாள்.

“ஆர் இவரை இஞ்சை இருத்தினது?”

எல்லாரும் தாமரைச்செல்வியைப் பார்த்தார்கள்.

“நீ இருத்தினனி. நீயே எழுப்பு. உங்கடை ஊரிலை இலையிலை இருக்கிற ஆளை எழுப்புவினமோ எண்டு நானும் பாக்கிறன்.”

எழுப்ப மாட்டார்கள். நாமக்கல்லிலும் மாட்டார்கள். எந்தச் சண்டையும் இலை மடிக்கும்வரை காத்திருக்கும். தாமரைச்செல்வி அவர் பக்கத்தில் போய் நின்றாள். தவரத்தினம் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். பின் வாசலில் நனைந்து நின்ற கோஷ்டியைப் பார்த்தார். விஷயம் அவருக்கு விளங்கியது.

“சொன்ன சொல்லு சொன்னதுதான். எழும்பட்டே பிள்ளை?”

கை இன்னும் சோற்றில் இருந்தது. அடுத்த மேசையில் ஒருவர் மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினார்.

“வேண்டாங்க ஐயா. சாப்பிடுங்க.”

அதே நேரம் மழை இருட்டு கூடத்துக்குள்ளும் இறங்கியது. வெளிச்சம் குறைந்தால் கூரைக் கேமரா தன்னை மூடி, இருட்டுக்கேற்ற முறையில் மறுபடி திறக்கும்; பகலில் ஒரு பகுதி போதும், இருட்டில் ஒதுக்கிய தொடர் முழுதும் வேண்டும். மூடியது. இடம் கேட்டது.

“தாமரை,” என்று ரேமண்ட் கதவருகிலிருந்து கூப்பிட்டார். “நின்னுபோச்சு.”

*

கல்லாவுக்குப் பின்னால் குனிந்து மடிக்கணினியைப் பெட்டியோடு இணைத்தாள். கர்னல் சொல்லவேண்டியதை ஒரே வரியில் சொல்லியிருந்தது. கூரைக் கேமராவுக்கு ஒதுக்கிய தொடரில் எல்லாரும் நகர்ந்துவிட்டார்கள். நடுவில் ஒரே ஒரு பக்கம், நினைவகத்தின் ஒரு துண்டு, நகரவில்லை.

யாருடையது என்று தேடினாள். தெருக் கேமராவின் பதிவுநிரலுடையது. ரேமண்டின் அம்மாவுக்கான தேர்.

இடம் வாங்கும்போது பதிவுநிரல் நகரக்கூடியதாகத்தான் இருந்தது. அதனால் கர்னல் அதை அந்த மேசையில் இருத்தியது. பிறகு அது அந்த இடத்தைப் பதிவைச் சேமிக்கும் வட்டிடம் காட்டி, இங்கிருந்து எடுத்து எழுது, நாள் முடியும்வரை எழுது என்று சொல்லியிருந்தது. வட்டும் கேமராவைப் போலத்தான். வரைபடம் தெரியாது. எடுத்துக்கொண்டிருக்கும்போது இடத்தை மாற்றினால் வேறு யாருடைய பக்கத்தையோ எடுத்துக்கொண்டு போகும். ஆகவே அந்தப் பக்கத்தைத் தொடக் கூடாது என்று கர்னல் பூட்டி வைத்திருந்தது. பூட்டச் சொன்ன வரியை எழுதியவள் தாமரைச்செல்வி.

நிமிர்ந்து பார்த்தாள். தவரத்தினம் அப்பளத்தை உடைத்தார்.

வாசலில் கேட்டது சரி. இலை போடும்போது இன்னொரு தடவை கேட்டிருக்க வேண்டும். உட்கார்ந்திருப்பவர் நகரக்கூடியவர். இலை விழுந்த கணத்தில் அவர் நகராதவர். இலை போடுமுன் அவரைச் சின்ன மேசைக்கு மாற்றியிருந்தால் அவருக்கும் நட்டமில்லை, மேளத்துக்கும் நட்டமில்லை. பெட்டிக்குள்ளும் அதேதான். பூட்டுமுன் மாற்றியிருக்க வேண்டும்.

இதை நேற்று யோசித்திருக்கலாம்.

ரேமண்ட் பக்கத்தில் வந்து நின்றார். அவள் சொன்னாள். பதிவுநிரலை இப்போதே நிறுத்தினால் இடம் விடுபடும். கேமரா திறக்கும், எண் ஓடும். ஆனால் பதிவு முழு நாளுக்கும் ஒரே கோப்பு. கடைசியில்தான் அது முடிந்து மூடும். நடுவில் அறுத்தால் காலையில் போன தேரும் திறக்காது.

“பெட்டி நின்னா நான் சொன்னது ஞாபகம் இருக்கா?” என்றார் ரேமண்ட்.

“இருக்குங்க.”

“உங்க இஷ்டம்.” சொல்லிவிட்டுக் கோப்பையைக் கல்லாவில் வைத்தார்.

தாமரைச்செல்வியின் விரல் விசைக்கு மேல் இருந்தது. ஒரு தட்டு. நிரந்தரம். புதுச்சேரியில் ஓர் அம்மாவுக்கு எதையாவது சொல்லிக்கொள்ளலாம். பதிவுநிரலுக்கு விரதம் இல்லை, பசி இல்லை, எபினேயில் வீடு இல்லை.

எழுதிக்கொண்டிருந்தது. அவ்வளவுதான்.

மடிக்கணினியை மூடினாள். கதவுத் திரையில் பதினொன்று அப்படியே நின்றது.

பிறகு எழுந்து மூத்த நாதஸ்வரக்காரரிடம் போனாள். பெட்டிக்குத்தான் ஒன்றும் செய்ய முடியாது. பொய் வரைபடம் காட்டப் பலகையில் இல்லாத உறுப்பின் வேலையை மனிதர்களுக்கு நடுவே தானே செய்து பார்க்கலாம் என்று தோன்றியது.

“ஐயா, நீங்க பன்னெண்டு பேருன்னு வச்சுக்கலாங்களா?”

மூத்தவர் மேசையைப் பார்த்தார். அந்தப் பக்கம் ஆறு கதிரை, இந்தப் பக்கம் ஐந்து. நடுவில் தவரத்தினம், கை காய்ந்துபோகாமல் சோற்றைப் பிசைந்தபடி.

“இவருக்கு என்ன வாத்தியம்?”

தாமரைச்செல்வி திரும்பிப் பார்த்தாள். தவரத்தினம் தானே பதில் சொன்னார்.

“தாளம்.”

“காலம் எப்பிடி?”

“விளம்பம்தான் அண்ணை. துரிதம் வராது.”

கூடம் சிரித்தது. மூத்தவரும் சிரித்தார். கோஷ்டியின் தாளக்காரர் தன் மடியிலிருந்து தாளத்தை எடுத்துக் கொண்டுபோய்த் தவரத்தினத்தின் இலைக்குப் பக்கத்தில் வைத்தார். பதினொரு இலை விழுந்தது. தவரத்தினத்துக்கு ஒரே நிபந்தனை: கோஷ்டி எழும்பும்போதுதான் அவரும் எழும்பலாம். அது அவருக்குக் கஷ்டமாக இல்லை. அவர்கள் சாம்பாரும் ரசமும் முடித்து மோருக்கு வந்தபோது அவரும் மோருக்குத்தான் வந்திருந்தார். பன்னிரண்டு பேரும் ஒன்றாக எழும்பினார்கள்.

கதவுத் திரை மட்டும் கடை மூடும்வரை பதினொரு கதிரை காலி என்று சொல்லிக்கொண்டிருந்தது. மழைக்கு ஒதுங்கிய சனம் அதை நம்பி உள்ளே வந்தது. வந்தவர்களைத் திருப்பி அனுப்பக் கோசலைக்கு மனம் வரவில்லை. கல்லாவுக்குப் பக்கத்தில் இருத்தினாள், குசினி வாசலில் இருத்தினாள், தவில்களை ஓரம் தள்ளிவிட்டு இருத்தினாள். எதிர்க் கடைக்காரர் இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். கடைசியில் சோறு முடிந்தது, பிட்டு முடிந்தது, ரோலும் முடிந்தது.

“இதைத் திருத்தவேண்டாம்,” என்றாள் கோசலை தாமரைச்செல்வியிடம். “இப்பிடியே இருக்கட்டும்.”

*

திருத்தினாள். மறுநாள், திங்கட்கிழமை காலையில், சில வரிகள். யாராவது ஓர் இடத்தைப் பூட்டக் கேட்டால், அது கேமராவின் தொடரில் இருக்கிறதா என்று முதலில் பார். இருந்தால், முதலில் வெளியே மாற்று. பிறகு பூட்டு. மேலே ஒரு குறிப்பும் எழுதினாள்: இலை போடுமுன் இடம் மாற்றவும்.

மத்தியானம் கோசலையின் கடைக்குப் போனாள். கூட்டம் இல்லை. நீள மேசையில் இருந்தாள். கோசலை கேட்காமலே இலையைப் போட்டாள்.

சோறு வந்த நேரம் ரேமண்ட் வந்தார். கோட்டைக் கழற்றவில்லை. அவளோடு பேச வேண்டும், ஐந்து நிமிடம் வெளியே வர முடியுமா என்று கேட்டார்.

“இலையிலை இருக்கிற ஆளைக் கூப்பிடாதேங்கோ,” என்றாள் கோசலை. “நீங்களும் இருங்கோ.”

அவர் பக்கத்துக் கதிரையில் இருந்தார். அவர் முன்னாலும் ஓர் இலை விழுந்தது. வேண்டாம் என்று சொல்லும் முன் சோறும் விழுந்தது.

அம்மா பார்த்தார் என்று ரேமண்ட் சொன்னார். முழுதாக. தேரை மட்டுமல்ல, அதற்குப் பிறகு மழை, மழைக்குப் பிறகு தெருவைக் கழுவியது, எல்லாம். பிறகு இரண்டு வாய் சாப்பிட்டார்.

“ஆனா நின்னுச்சு,” என்றார்.

“நின்னுச்சுங்க.”

“எஸேயை இன்னொரு தடவை நீட்டலாம்னு பாக்கறேன்.”

தாமரைச்செல்வி கோசலையைப் பார்த்து இன்னும் கொஞ்சம் சோறு கேட்டாள். கோசலை போட்டாள். தாமரைச்செல்வி அதில் சாம்பாரை ஊற்றி, ஒரு பருக்கையும் தனியே நிற்காதபடி ஆற அமரப் பிசைந்தாள். ரேமண்ட் ரசம் முடித்தார், மோர் முடித்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றாம் மாடியில் அவருக்காக யாரோ காத்திருந்தார்கள். எழும்பப் பார்த்தார்.

“ஒரு வரிசையிலை இருந்தா ஒண்டா எழும்பவேணும்,” என்றாள் கோசலை. “அம்மா சொல்லித் தரேல்லையோ?”

சொல்லித்தான் தந்திருந்தார். ரேமண்ட் மறுபடி இருந்தார். தாமரைச்செல்வியின் இலையைப் பார்த்தார். அவள் இன்னும் சாம்பாரில் இருந்தாள். அப்பளம் உடையாமல் ஓரமாகக் கிடந்தது.

“பெட்டி இனி நிக்குமா?”

“நிக்காதுங்க.”

“எப்படித் தெரியும்?”

“இப்ப இலை போடறதுக்கு முந்தியே கேட்டுடும்.”

ரேமண்ட் தன் வெறும் இலையைப் பார்த்தார். கோசலை பாயசக் கிண்ணத்தோடு அவரை நோக்கி வந்துகொண்டிருந்தாள்.

“சரி,” என்றார். “எஸே முடிஞ்சுது. நிரந்தரம்.”

தாமரைச்செல்வி அப்பளத்தை உடைத்தாள். ரசமும் மோரும் அவசரமில்லாமல் வந்து போயின. பிறகு அவள் இலையை மடித்தாள். இருவரும் எழும்பினார்கள்.